அளவுகோலும் அலகும்: பல்கலைக்கழக அனுமதி பற்றிய ஒரு நோக்கு

இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதி பற்றிய விவாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புள்ளிகள் பற்றிய விவாதமாகவே இருந்து வந்துள்ளது. எவருக்கு எத்தனை புள்ளி, அதனை எவ்வாறு திருத்துவது என்னும் வினாக்களே முதன்மை பெற்றன. அப்புள்ளிகளைப் பெற்றவர் எத்தகைய பாடசாலையிற் பயின்றார் என்னும் வினா பின்தள்ளப்பட்டது. நுவரெலியா மாவட்டத்து நோட்டன் பிரிட்ஜ் போன்ற தோட்டப்புற ஊரொன்றிலிருந்து நோக்குமிடத்து இக்குறை தெளிவாகப் புலனாகும்.

1971 ஆம் ஆண்டு அனுமதியிற் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு புகுத்தப்பட்டது. மொழிவாரித் தரப்படுத்தல் அத்தசாப்தத்தின் இறுதியிற் கைவிடப்பட, மாவட்டப் பங்கீடு நிலைபெற்றது. மொழியை அடிப்படையாகக் கொண்ட தரப்படுத்தல் அநீதியானது என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனை எதிர்த்தெழுந்த தமிழ் எழுத்துக்களிற் பெரும்பாலானவை யாழ்ப்பாணத்து மாணவரின் இழப்பையே தமிழ் மாணவர் அனைவரதும் இழப்பாகக் கொண்டன. அக்காலத்தில் தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புக்களுக்கு அப்பாற் செல்லவில்லை. வாயிலிற் தடுக்கப்பட்டவருக்காக எழுந்த குரல், வாயிலை அணுகவே வழியற்றிருந்தவரைக் கருத்திற் கொள்ளவில்லை. 'தமிழ்மொழி மூலம்' என்னும் தொடர் இவ்விருவரிடையே இருந்த வேறுபாட்டை மறைத்துவிட்டது.

2001 இல் இசட் புள்ளி முறை நடைமுறைக்கு வந்தது. ஒரு பாடத்திற் பரீட்சார்த்தி பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவதே இசட் புள்ளியாகும். கடினமான பாடத்தையும் எளிய பாடத்தையும் ஒப்பிடுவதற்கு இது தக்க கருவியே. எனினும், எவரை எவருடன் சேர்த்து அளப்பது என்னும் வினாவிற்குக் கணிதம் தானாக விடை கூறாது. 2011 உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் ஒன்றாகக் கணிக்கப்பட்டமை, 2012 இல் உயர் நீதிமன்றத்தால் நிராகரிக்கப்பட்டது. வெவ்வேறு பாடத்திட்டங்களை ஒன்றாக்கல் முறையன்று என ஏற்ற நாடு, வெவ்வேறு பாடசாலை நிலைமைகளை ஒன்றாக்குவதைப் பற்றி அத்துணை கவலை கொள்ளவில்லை.

மாவட்டப் பங்கீடு இக்குறையை நிவர்த்தி செய்யும் என்பர். பெரும்பாலான விஞ்ஞானக் கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டமை அறிந்ததே. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இதனால் அம்மாவட்டத்தவர் அடைந்த பயனை மறுத்தல் ஆகாது.

ஆயினும் இங்கு ஒரு முரண்பாடு உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்திற் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். மாவட்டத்தின் பங்கைத் தீர்மானிக்கத் தலைகளை எண்ணும்போது லயத்துப் பிள்ளையும் எண்ணப்படுகிறது. அப்பங்கைப் பகிரும்போதோ ஆய்வுகூடமும் ஆசிரியரும் உள்ள பாடசாலைகளின் பிள்ளைகளே முந்துகின்றனர். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புக்கள் அரிது. அவற்றை நாடும் பிள்ளை பெரும்பாலும் ஹட்டன் போன்ற நகருக்குச் செல்லவேண்டும். பேருந்துக் கட்டணமும் தனியார் வகுப்புச் செலவும் தாயின் நாட்சம்பளத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே, பலர் தமக்கு விருப்பமான துறையையன்றித் தம் பாடசாலையில் இருக்கும் துறையையே பயில்கின்றனர். விஞ்ஞானப் பரீட்சைக்கே தோற்றாத பிள்ளைக்கு மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளி குறைந்தென்ன, கூடியென்ன?

பாடசாலையை அலகாகக் கொள்வது புதுமையன்று. நீட் தேர்வின் பின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவக் கல்வியிற் பின்தங்கியதைக் கண்ட தமிழ்நாடு, 2020 இல் அவர்களுக்கென 7.5 வீத உள் ஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. அது வசிக்கும் மாவட்டத்தை நோக்காது, பயின்ற பாடசாலையை நோக்கியது. அங்கும் தேர்வு உண்டு; தகுதி காணவேண்டும். ஆதலால், திறமை அழிந்துவிடும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை. வாய்ப்பிற்கேற்ப மதிப்பிடாத திறமை, திறமையும் வசதியும் கலந்த ஒரு தொகையேயாகும்.

இலங்கையிலும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீதத்தினுள்ளேனும் பாடசாலையின் நிலையைக் கணக்கிற் கொள்ளல் சாத்தியமே. எனினும், எந்த ஒதுக்கீடும் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவருக்கு ஈடாகாது. அனுமதி முறை இறுதிப் படியிற் செய்யும் திருத்தம், முதற்படியிற் செய்யாது விட்ட கடமைக்கு மாற்றாகவும் முடியாது. நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகள் சலுகையைக் கேட்குமுன் வகுப்பறையைக் கேட்க உரிமையுடையவர். அது கிட்டும்வரை, அவர்களை எண்ணிப் பெற்ற இடங்களில் ஒரு பங்கேனும் அவர்களைச் சென்றடைதல் வேண்டும்.