விரிப்பின் மறுபக்கம்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்புல்லாணிக்கு அப்பெயர் வந்தது ஒரு படுக்கையால் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. புல்லணை, அதாவது புல்லாலான படுக்கை, என்பதே மருவிப் புல்லாணி ஆயிற்று என்பர். கடலரசனின் வரவை எதிர்நோக்கி இராமன் தருப்பைப் புல்லின்மேல் கிடந்த கோலம் அவ்வூர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோவிலில் இன்றும் வணங்கப்படுகிறது. அரசகுமாரன் ஒருவன் கிடந்த எளிய படுக்கையை ஊர்ப்பெயராகவே வைத்துப் போற்றிய இம்மண்ணில், ஏழைத் தாய்மார் தம் கையால் தைத்த படுக்கைக்கு மட்டும் ஏன் பெருமை இல்லாமற் போயிற்று என்ற வினா நம்மை நெடுநாளாக உறுத்தி வருகிறது.

நாம் குறிப்பது பெரிய பொருளன்று. உடுத்து இற்றுப்போன நூற்சேலைகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரங்களை உள்மடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூலோட்டித் தைத்த விரிப்பு. கிழிந்த இடத்தில் வேறொரு சேலையின் ஒட்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கீழேயும் பிறந்த குழந்தைக்கு மேலேயும் அதுவே. இதற்கு நாம் வைத்த பெயர் கந்தை என்பதோடு சரி. வடமொழிக் 'கந்தா'வின் வழிவந்தது அச்சொல். அதன் உடன்பிறப்பான 'காந்தா' என்னும் சொல், வங்காளத்தில் அருங்காட்சியகங்களிலே கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்படும் கலையின் பெயராக விளங்குகிறது. நம்மிடமோ அது வசையாகிவிட்டது. ஒட்டுத் துணியை நாம் முற்றிலும் இகழ்ந்தோம் என்றும் சொல்வதற்கில்லை. தஞ்சை, கும்பகோணம் பகுதிகளில் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் தொம்பைகளும் தோரணங்களும் தேரேறி ஊர்வலம் வருகின்றனவே! தேரில் தொங்கும்போது அண்ணாந்து பார்க்கிறோம். திண்ணையில் கிடந்தால் விருந்தினர் வருமுன் சுருட்டி உள்ளே வைக்கிறோம்.

அண்மைக் காலமாகக் கைத்தையல் விரிப்புகளுக்குக் கண்காட்சிகளில் இடம் கிடைக்கிறது. மகளிர் குழுக்கள் நடத்தும் விற்பனைக் கூடங்களில் பனையோலைப் பெட்டிகளுக்கும் சங்குப் பொருள்களுக்கும் நடுவே ஒன்றிரண்டு விரிப்புகள் கொடியில் தொங்குவதை நாமும் விரும்பிச் சென்று பார்த்து வருகிறோம். மகிழ்ச்சியே. ஆயினும் அவற்றைத் தொங்கவிடும் முறையில் நமக்கு மனக்குறை உண்டு. சுவரோடு சுவராக, பல சமயம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே, ஓவியம்போல் மாட்டிவிடுகிறார்கள். வருவோர் நிறத்தைப் பார்க்கின்றனர், 'அழகு' என்கின்றனர், அடுத்த கடைக்குப் போகின்றனர். எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. திருப்பிப் பார்க்க வழியும் இல்லை.

விரிப்பின் தரமோ மறுபக்கத்தில்தான் இருக்கிறது. ஓடு தையலில் ஊசி மேலும் கீழும் ஒரே அளவாகச் சென்றால் இருபுறமும் ஒன்றுபோல் தோன்றும். கை சோர்ந்த இடம், நூல் தீர்ந்து முடிச்சிட்ட இடம், அவசரத்தில் ஒரு மடிப்பைத் தாண்டிய இடம் யாவற்றையும் அடிப்பக்கம் காட்டிக் கொடுத்துவிடும். நூலைச் சற்றே இழுத்துத் தைத்தால் துணி மெல்லிய அலைபோல் சுருங்கி அடுக்குகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதை விரல் அறியுமேயன்றிக் கண் முழுதும் அறியாது. தொட விடாத விரிப்பைப் பற்றி எவரும் திறனாய்வு எழுதிவிட முடியாது என்பது நம் கருத்து.

இவ்வகையில் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'. போர்த்துக்கீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவர்களிடையே உள்ளனர். தப்பியோடிக் காடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள். இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் இவர்களுள் உண்டு. 2003-ஆம் ஆண்டில்தான் அம்மாவட்டச் சித்தியர் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். இவர்களது தையலில் நம்மைக் கவர்வது அதன் போக்கு. விரிப்புத் தைப்போர் பலரும் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிச் செல்ல, இவர்கள் பழைய சேலையொன்றை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஒட்டுகளை வைத்துத் தைத்தபடியே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை அடைகின்றனர். முன்கூட்டி வரைந்த படம் ஏதும் இல்லை. கையில் அகப்பட்ட துண்டு எதுவோ அதற்கேற்ப அடுத்த வரிசை அமைகிறது. கத்தோலிக்கப் பெண்கள் சிலர் சிலுவையையும் இசுலாமியப் பெண்கள் சிலர் பிறையையும் ஒட்டுகளிடையே அமைப்பதுண்டு. முடிவில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளைப் பூவெனச் செருகித் தைப்பர். பூ வைக்காத விரிப்பு அவர்களுக்கு ஆடையணியாத உடல் போன்றது. அப்பூவால் குளிர் அடங்காது, உழைப்பும் கூடும். எனினும் ஒரு பெண்ணும் அதை விடுவதில்லையாம். 2004-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி டிரூவலின் முயற்சியோடு இப்பெண்களின் கூட்டுறவு அமைப்பொன்று உருவாயிற்று. 2011-இல் நியூயார்க்கின் ஷாம்பர்க் மையத்தில் இவ்விரிப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வங்காளத்தின் செய்தி வேறு. அங்கே 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியருக்காகப் பட்டு நூலால் தைக்கப்பட்ட பெரும் விரிப்புகள் சிலவற்றின் நடுவே சாலமோனின் தீர்ப்புக் காட்சி இருக்கிறது. ஓலைக்குடிசையிலோ கடைத்தெருவிலோ அமர்ந்து விவிலியக் காட்சியைத் தைத்த கைகள் எவருடையவை? பெயரில்லை. கொல்கத்தாவின் குருசதய் அருங்காட்சியகத்திலுள்ள 19-ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்றிலோ, மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்ததாகத் தையலிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பிய மாளிகைகளுக்குச் சென்ற அந்தப் பட்டு விரிப்புகளைவிட இந்த ஒரு வரியை நாம் உயர்வாக மதிக்கிறோம்.

பெயர் எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரும் காட்டிற்று. அடிமை மரபில் வந்த கருப்பினப் பெண்கள் பழைய வேலையாடைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களை அலங்கரித்தன. நவீன ஓவியத்திற்கு இணையென விமரிசகர்கள் வியந்தனர். 2006-இல் அஞ்சல்தலைகளும் வெளிவந்தன. ஆனால் 2007-இல் தைத்த பெண்கள் மூவர், தங்களுக்கு உரிய பங்கு கிடைக்கவில்லையென வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் அது முடித்துக்கொள்ளப்பட்டது. ஓவியத்திற்கு இணை என்ற பாராட்டும் நமக்கு முழு நிறைவு தரவில்லை. வீட்டில் குளிருக்குப் போர்த்தவே அவை தைக்கப்பட்டன. போர்வையாக எத்தகையது என்று கேட்டவர் எத்தனை பேர்?

மீண்டும் நம் கடற்கரைக்கு வருவோம். இன்று கண்காட்சிக்கு வரும் விரிப்புகளில் பல புதுத் துணியை வெட்டித் தைத்தவை. பழந்துணி என்றால் வாங்குவோர் முகம் சுளிக்கின்றனர். தைக்கும் பெண்ணுக்கு வருவாய் வேண்டும். ஆகவே புதுத் துணியைக் குறை சொல்ல நாம் முன்வரமாட்டோம். எனினும் இழப்பை மறைக்கவும் மாட்டோம். நூறுமுறை துவைத்த நூற்சேலையின் மென்மை புதுத் துணியில் வராது. பாலியஸ்டர் சேலைகள் வீடுகளில் நிறைந்தபின் விரிப்புக்கேற்ற பழந்துணியே அருகிவிட்டது. வியர்வையை உறிஞ்சாத துணியைப் பச்சிளங்குழந்தைக்கு யார் விரிப்பார்? இன்னொன்று: சுருங்காத புதுத் துண்டைப் பழைய துணியில் ஒட்டினால் துவைத்தபின் அது சுருங்கிக் கிழிசலைப் பெரிதாக்கும். ஆண்டவர் இதை உவமையாகச் சொன்னபோது கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. நாசரேத்து வீட்டில் அன்னை ஒட்டுப்போடுவதை அவர் பார்த்து வளர்ந்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

திருத்தூதர் பணிகள் நூலில் யோப்பா நகரத்துத் தொற்கா இறந்தபோது, அவர் செய்துகொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள். கைத்தையலுக்கு நாம் அறிந்த மிகப் பழைய கண்காட்சி அதுவாக இருக்கலாம். சுவரில் எதுவும் மாட்டப்படவில்லை. பயன்பெற்றவர்களே கையில் பிடித்திருந்தார்கள்; செய்தவரின் பெயரை அனைவரும் அறிந்திருந்தார்கள்.

நம் பங்குத் திருவிழாக்களையொட்டி விற்பனைக் கூடம் அமைப்போர் ஒன்று செய்யலாம். விரிப்பைக் கொடியிலிருந்து இறக்கி மேசையில் இடட்டும். ஒரு மூலையை மறுபக்கம் தெரிய மடித்து வைக்கட்டும். பக்கத்தில் ஓர் அட்டையில், தைத்தவர் இசைந்தால், அவர் பெயரையும் எத்தனை நாளில் தைத்தார் என்பதையும் எழுதட்டும். விலையை அதற்குக் கீழே எழுதினால் போதும்.