தண்ணீரில் தொடரும் சாலை

அந்தமானின் 4-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், சாலையே இல்லாத இடம்தான். ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகள் வரிசையாக, எங்கும் நிற்காமல், ஜாரவா மக்களின் காட்டைக் கடந்து வரும். அது அவர்கள் வீடு. படம் எடுக்காமல் பேசாமல் போவதுதான் மரியாதை. காடு முடிந்ததும் மிடில் ஸ்ட்ரெய்ட். தார் சட்டென்று நின்றுவிடும், எதிரே பச்சைத் தண்ணீர். அக்கரையில் பாராடாங் தீவு.

பிறகு படகு வரும். அதன் வாயிலிருக்கும் இரும்புப் பலகை கரையில் இறங்கி உரசும் அந்தக் கரகரப்பு இருக்கிறதே, கேட்டுக்கொண்டே இருக்கலாம். பயணிகளை இறக்கிவிட்டு, பேருந்து அங்குலம் அங்குலமாக ஏறும். முன்னால் நிற்பவர் வாய் திறப்பதில்லை. உள்ளங்கையை லேசாகச் சாய்க்கிறார், ஓட்டுநர் அந்த அளவுக்கே ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். பேருந்துக்கும் பக்கத்து லாரிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான். கண்ணாடியைக்கூட உரசாமல் நிறுத்துகிற அந்தப் பொறுமையை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. எஞ்சின் அதிர்வு காலடியில் குறுகுறுக்க, டீசல் வாசனையும் உப்புக் காற்றும் கலந்து வீச, இருபுறமும் கண்டல் மரங்கள் வேரூன்றி நின்று வேடிக்கை பார்க்கும். சில நிமிடங்கள்தான். மறுபடி அந்த இரும்புக் கரகரப்பு. பேருந்து இறங்கி ஹாரன் அடிக்க, ஈரத் தடத்தில் எல்லோரும் ஓடிப்போய் ஏறிக்கொள்கிறோம்.