மூன்று வரி அட்டவணையும் மீறும் நொதிகளும்

ஆர்என்ஏ பாலிமரேஸ் ஒன்று ரைபோசோம் ஆர்என்ஏவைப் படியெடுக்கும். இரண்டு, தூது ஆர்என்ஏவை. மூன்று, கடத்து ஆர்என்ஏவை. யூகேரியோட்டுகளின் படியெடுத்தல் பற்றி மாணவர் மனத்தில் நிற்பது பெரும்பாலும் இந்த மூன்று வரிதான்.

அட்டவணை வெறும் கற்பனை அல்ல. 1969-இல் ராபர்ட் ரோடரும் வில்லியம் ரட்டரும் கடல் அர்ச்சின் கருவிலிருந்து எடுத்த நொதிகளை நிறப்பிரிகைக் குழாயில் பிரித்தபோது மூன்று உச்சிகள் தென்பட்டன. வெளிவந்த வரிசையே எண்ணாயிற்று. செய்யும் வேலைக்கும் எண்ணுக்கும் தொடர்பில்லை. வேலைப் பிரிவினைக்குச் சாட்சி சொன்னது ஒரு கொடிய காளான். அமனிட்டா ஃபாலாய்டஸ் தரும் ஆல்ஃபா அமானிட்டின் நஞ்சு, பாலூட்டிச் செல்களில் மிகக் குறைந்த அளவிலேயே இரண்டாம் நொதியை முடக்கும். மூன்றாவதை முடக்கக் கூடுதல் அளவு வேண்டும். முதலாவது அசைந்து கொடுக்காது. எந்த மரபணுவை எந்த நொதி படியெடுக்கிறது என்று சோதித்தறிய இதைவிட எளிய வழி அன்று இல்லை.

சிக்கல், அட்டவணையை விதியாக்கும்போது வருகிறது. ரைபோசோமின் பகுதியான 5எஸ் ஆர்என்ஏவை எடுப்பது மூன்றாம் நொதி. பல சிற்றுட்கரு ஆர்என்ஏக்கள் இரண்டாவதன் பங்கு. அவற்றின் கூட்டாளியான யு6 மட்டும் மூன்றாவதிடம் போகிறது. புரதம் எதையும் தராத மைக்ரோ ஆர்என்ஏக்களில் பெரும்பாலானவையும் இரண்டாம் நொதியின் கைவேலையே.

இவற்றைச் சில்லறை விலக்குகள் என்று தள்ளலாம். தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமா புரூசியை அப்படித் தள்ள முடியாது. தன் மேற்போர்வைப் புரதத்தின் மரபணுவை அது முதலாம் நொதியைக் கொண்டே படியெடுக்கிறது. வழக்கமாகத் தூது ஆர்என்ஏவின் முன்முனைக்குத் ‘தொப்பி’ எனும் காப்பு அமைப்பை அணிவிக்கும் நொதிகள் இரண்டாம் பாலிமரேஸின் வால்பகுதியைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும். மனிதரில் அந்த வாலில் ஏழு அமினோ அமிலத் தொடர் 52 முறை வருகிறது. முதலாம் நொதிக்கு அத்தகைய வால் கிடையாது. ஒட்டுண்ணியோ வேறொரு சிறு ஆர்என்ஏவிலிருந்து தொப்பியுள்ள துண்டை வெட்டி ஒட்டிக்கொள்கிறது! தூது ஆர்என்ஏவுக்கும் இரண்டாம் நொதிக்கும் இடையிலான பிணைப்பு அந்த வாலில் இருக்கிறது என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. மூன்று வரி அட்டவணை மறைப்பது இந்தக் காரணத்தைத்தான்.

தாவரங்களில் நான்காவது, ஐந்தாவது நொதிகளும் உண்டு. மரபணுக்களை அடக்கி வைப்பதில் அவற்றுக்குப் பங்கிருக்கிறது.

தொடக்க வகுப்புக்கு அட்டவணை போதும். அதற்கு மேலும் அதையே ஒப்பிக்கச் செய்வது சோம்பல். வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஒருமுறை டிரிப்பனோசோமைக் கேள்வியாக வைத்துப் பார்க்கட்டும்.