சாய்ந்த கோலமும் அதிகாரமும்: ஜேம்ஸ் டிசோவின் பர்னபி உருவப்படம்

முன்னுரை

ஐரோப்பியப் படையதிகாரிகளின் உருவப்படங்கள் பெரும்பாலும் அவர்களைக் குதிரைமீது அமர்ந்த கோலத்திலோ வாளூன்றி நின்ற கோலத்திலோ காட்டுவன. பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் டிசோ 1870இல் தீட்டிய பிரடெரிக் பர்னபியின் உருவப்படம் இம்மரபிலிருந்து விலகுகிறது. இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ள இவ்வோவியத்தில், அரச குதிரைக் காவற்படையின் கேப்டன் சோபாவில் கால்நீட்டிச் சாய்ந்து, சிகரெட்டுடன் உரையாடும் பாங்கில் இருக்கிறார். குதிரையும் போர்க்களமும் இல்லாத இவ்வோவியம் அதிகாரத்தை எவ்வாறு உணர்த்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓவிய அமைப்பு

மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட இவ்வோவியம் ஏறத்தாழ 50 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமுமே உடையது. ஆறடிக்கும் மேல் உயர்ந்த பர்னபியின் உடல் இச்சிறு பரப்பைக் குறுக்காக நிறைக்கிறது. கரிய காற்சட்டையின் ஓரத்தில் ஓடும் சிவப்புப் பட்டை, காண்போர் கண்ணை அவ்வுடலின் நீளம் முழுவதும் இட்டுச்செல்கிறது. மார்புக்கவசமும் தலைக்கவசமும் கழற்றப்பட்டு அருகே ஒளிர்கின்றன. பின்சுவரில் பெரிய நிலப்படம் தொங்குகிறது.

நிலப்படமும் பின்னறிவும்

பர்னபி பின்னர் நடு ஆசியாவின் கீவாவுக்குக் குதிரையில் சென்று, அப்பயணத்தை 1876இல் நூலாக்கினார். 1885இல் சூடானில் அபு கிளியா போரில் மாண்டார். இவற்றை அறிந்தவர்க்கு அந்நிலப்படம் வருவதை முன்னுரைப்பதாகத் தோன்றலாம். ஆயின் 1870இல் இவற்றுள் ஒன்றும் நிகழ்ந்திருக்கவில்லை. பிற்கால வாழ்க்கையை ஓவியத்தின்மேல் ஏற்றிப் படிப்பது, அது தன் காலத்தில் உணர்த்தியதை மறைத்துவிடும்.

பிரித்தானியத் தரைப்படையில் அதிகாரப் பதவிகளை விலைகொடுத்துப் பெறும் முறை 1871இல்தான் ஒழிக்கப்பட்டது. அரச காவற்குதிரைப்படைப் பதவிகள் அவற்றுள் மிகுந்த விலையுடையன. அவ்வாண்டுகளில் ஒருவரின் பதவி, அவர் ஆற்றிய வீரச்செயலைவிட அவருடைய செல்வத்தையும் குடிப்பிறப்பையுமே முதன்மையாகக் காட்டிற்று. எனவே கழற்றிவைத்த கவசம் போர்க்கருவியாக அன்றி, அறைகலன்களோடு ஒன்றாய் உடைமையாகவே காட்சியளிக்கிறது. நிலப்படமும் அவ்வுடைமைகளுள் ஒன்றாகிறது.

எள்ளலா, இசைவா?

இதனை வரையச் செய்தவர் ‘வேனிட்டி ஃபேர்’ இதழைத் தொடங்கியவரும் பர்னபியின் நண்பருமான தாமஸ் கிப்சன் பௌல்ஸ். டிசோ அவ்விதழுக்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்தவர். ஆதலின் இதனையும் எள்ளலாகக் கொள்ள இடமுண்டு. எனினும் கேலிச்சித்திரத்திற்கு உயிரான மிகைப்படுத்தல் இங்கு இல்லை. முகமும் உடையும் அளவு பிறழாது, பரிவுடன் தீட்டப்பட்டுள்ளன. நண்பர் வட்டத்தின் இயல்பான பார்வையே இதில் மேலோங்குகிறது.

முடிவுரை

தன் தகுதியை எவர்க்கும் மெய்ப்பிக்க வேண்டாதவரின் ஓய்வே இவ்வோவியத்தில் அதிகாரமாகிறது. பதவியை விலைக்குப் பெறும் முறை மறைவதற்கு ஓராண்டு முன்னர் தீட்டப்பட்டதால், அவ்வகுப்பினரின் ஐயமற்ற தன்னம்பிக்கைக்கு இது சான்றாக நிற்கிறது. அச்சான்றைக் காண, பர்னபியின் பிற்காலப் புகழைச் சற்றே விலக்கிவைத்தல் வேண்டும்.