கோமாளிகளும் நமது சிரிப்பும்

ஆவணித் திருவிழாக் காலத்தில் முன்னேஸ்வரத்துக் கோயில் வீதியில் சற்று நேரம் நின்றால், ஒரே தமிழை நான்கு விதமாகக் கேட்கலாம். உடப்பிலிருந்து வரும் மீனவப் பெண்களின் தமிழ் ஒன்று. வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்போரின் தமிழ் ஒன்று. வீதியோரத்திலே கடை விரித்திருக்கும் புத்தளத்து முஸ்லிம் வியாபாரியின் தமிழ் ஒன்று. காளியம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு அந்த வியாபாரியிடம் விலை பேசும் சிங்களத் தாயின் தமிழ் மற்றொன்று. அந்த வீதியிலுள்ள தேநீர்க் கடையொன்றில், ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர் மாலை வேளைகளில் வந்து அமர்வது வழக்கம். மனநிலை நன்றாயிருந்தால் நான்கு குரலில் பேசிக் காட்டுவார். முதலில் மரிக்கார், பிறகு அப்புக்குட்டி, அப்பால் உபாலி, கடைசியில் ஐயர். கடையில் இருப்போர் யாவரும் சிரிப்பர். அப்பாத்திரங்களை ஒருமுறையேனும் நேரிற் பார்த்திராத இளைஞரும் சிரிப்பர்.

அக்குரல்கள் 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'கோமாளிகள்' என்ற இலங்கைத் தமிழ்த் திரைப்படத்துக்கு உரியவை. அதற்கு முன்பே அவை வானொலியின் சொத்தாக இருந்தன. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் ஒலிபரப்பில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் வீடு வீடாகச் சென்று சேர்ந்திருந்தது. எஸ். ராம்தாஸ் எழுதினார், அவரே மரிக்கார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் உபாலி, பி. எச். அப்துல் ஹமீத் ஐயர். எஸ். ராமநாதன் நெறியாள்கை செய்த படத்திலும் இந்நால்வரே முன்னின்றனர். மக்கள் திரண்டு சென்று பார்த்த ஈழத்துத் தமிழ்ப் படங்கள் மிகச் சில. அவற்றுள் இதற்கு முன்வரிசையில் இடமுண்டு.

இப்படத்தைப் பற்றி நம் போன்றோர் எழுதுவது வழக்கமில்லை. முற்போக்குத் திறனாய்வு பேச விரும்புவது 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு எடுத்த 'பொன்மணி'யைப் பற்றி. சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று நோக்கிய படம் அது, பேசப்படவேண்டியதே. ஆனால் 'பொன்மணி'க்கு மக்கள் வரவில்லை, 'கோமாளிக'ளுக்கு வந்தார்கள். வராதவர்களைக் குறைகூறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுதல் எளிது. மக்களுக்காக எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்வோர், மக்கள் எதைத் தேடி எங்கே போகிறார்கள் என்று பார்க்க மறுப்பது என்ன நியாயம்?

எதைத் தேடிப் போனார்கள்? கதையைத் தேடி அல்ல. இத்தகைய படங்களிலே கதை என்பது துணி காயப்போடக் கட்டிய கயிறு. யாரும் கயிற்றைப் பார்ப்பதில்லை. நகைச்சுவைத் துணுக்குகளை மட்டும் தேடியும் அல்ல; அவற்றிற் பலவற்றை வானொலியிலே முன்னரே கேட்டிருந்தார்கள். அந்நால்வரையும் ஒன்றாகக் காண்பதற்கே போனார்கள். வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்து ஆண்டுக் கணக்கில் கேட்டுப் பழகிய குரல்களுக்கு முகம் எப்படியிருக்கும் என்ற ஆவல் ஒருபுறம். பாத்திரங்களுக்குப் பின்னே உண்மையான தோழமை ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை மறுபுறம். ஒருவன் அடுத்தவனின் பேச்சை இடைமறிக்கும் போது, அந்த இடைமறிப்பிலே ஒத்திகையில் வராத ஒரு சுகம் உண்டு. நெடுங்காலம் சேர்ந்து உழைத்தவர்களிடத்திலேதான் அது வாய்க்கும். பகல் முழுதும் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து அளந்து பேசிவிட்டு வருகிற ஒருவனுக்கு, அளக்காமற் பேசும் நால்வரைக் காண்பது இளைப்பாறல் அன்றோ?

இது நமக்கு மட்டும் உரியதன்று. 1960இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஓஷன்ஸ் இலெவன்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். பிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சமி டேவிஸ், பீட்டர் லோபோர்ட், ஜோயி பிஷப் ஆகிய ஐவரும் மேடையிலும் வெளியிலும் நண்பர்கள் என்பது ஊரறிந்த செய்தி. லாஸ் வேகாஸ் நகரின் சாண்ட்ஸ் ஹோட்டலிலே இரவில் பாடியும் பகடி பேசியும், பகலிலே படப்பிடிப்புக்குப் போயும் அவர்கள் அதனை நடித்து முடித்தார்கள். போரிலே ஒரே படைப்பிரிவில் இருந்த பதினொருவர், புத்தாண்டு இரவில் ஐந்து சூதாட்ட விடுதிகளைக் கொள்ளையிடுவதே கதை. இதை நெறியாள்கை செய்தவர் லூயிஸ் மைல்ஸ்டோன். 1930இல் 'ஓல் குவயட் ஒன் த வெஸ்டர்ன் ஃபிரண்ட்' என்ற போர் எதிர்ப்புப் படத்தைத் தந்த அதே மனிதர். போருக்குப் பின் வீடு திரும்பிய சிப்பாய்க்குப் போர்க்காலத்துத் தோழமையைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை என்ற கசப்பான உண்மை கதையின் அடியிலே கிடக்கிறது. மைல்ஸ்டோன் அதை ஒருகணம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். பார்க்க வந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. சினாட்ராவும் மார்ட்டினும் அறையொன்றில் நின்று வீண்பேச்சுப் பேசுவதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. கொள்ளையடித்த பணம் பிணப்பெட்டியோடு சேர்ந்து எரிந்துபோகிறது. வெறுங்கையராய்த் தெருவில் நடந்து போகிறார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர்களையே தாங்கிய விளம்பரப் பலகை பின்னால் நிற்கிறது. அதாவது, இதுவரை நீங்கள் பார்த்தது பாத்திரங்களையல்ல, எங்களையே என்று படமே ஒப்புக்கொள்கிறது.

அக்கூட்டத்தில் ஒருவர் மட்டும் கறுப்பினத்தவர். சமி டேவிஸ் அப்படத்திலே குப்பை வண்டி ஓட்டுகிறார். பணம் முழுவதையும் ஊரைவிட்டுக் கடத்துவது அவ்வண்டியே. வெள்ளை நண்பர்கள் இருட்டிலே மறைவதற்காகத் தம் முகங்களிற் கரி பூசிக்கொண்டு, அவருடைய நிறத்தை வைத்து வேடிக்கை பேசுகிறார்கள். அவரும் சேர்ந்து சிரிக்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார்? படப்பிடிப்பு நடந்தது அவ்வாண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில். அந்நகரின் ஹோட்டல்களிலும் சூதாட்ட விடுதிகளிலும் கறுப்பினத்தவருக்கு எதிரான தடையை நீக்க உடன்பாடு வந்தது மார்ச்சு மாதத்திலேதான். அதுவும் கறுப்பின மக்கள் வீதியில் இறங்குவோம் என்று எச்சரித்த பின்னரே. சினாட்ரா தம் நண்பருக்காக ஹோட்டல் முதலாளிகளோடு வாதாடியவர் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அப்பகடி ஒரே திசையில் ஓடியது. நிறத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்ற உரிமை நால்வருக்கு இருந்தது. நிறமாக இருக்கும் கடமை ஒருவருக்கே இருந்தது.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு 'கோமாளிக'ளிடம் திரும்பி வருவோம். இங்கே யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? முஸ்லிம் அல்லாத ராம்தாஸ், மரிக்காரின் முஸ்லிம் தமிழைப் பேசுகிறார். முஸ்லிமான அப்துல் ஹமீத், அக்கிரகாரத்துத் தமிழைப் பேசுகிறார். தமிழரான செல்வசேகரன், சிங்களவன் பேசும் தமிழைப் பேசுகிறார். நால்வரில் மூவர் தமக்கு அயலான நாவை வாங்கி அணிந்திருக்கிறார்கள். பகடி ஒரே திசையில் ஓடாமல் வட்டமாகச் சுற்றி வருகிறது. அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழும் சிரிப்புக்குத் தப்பவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தன் பேச்சே செம்மையானது, ஏனையோர் பேச்சு கொச்சை என்று எண்ணியிருந்த தரப்பையும் வரிசையில் நிறுத்தி, நீயும் நால்வரில் ஒருவனே என்று சொல்லிவிட்டது அத்தொடர்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நடந்த மரபுப் போராட்டத்தை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பர். சிறுகதையிலும் நாவலிலும் உழைக்கும் மக்களின் பேச்சைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரைப் பார்த்து, அது இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் சீறினர். நம்மவர் அப்போரிலே வென்றனர். வென்ற பின், அதே பேச்சுவழக்கு வானொலியேறி இலட்சக்கணக்கான காதுகளுக்குச் சென்றபோது, அது வெறும் கும்மாளம் என்று ஒதுக்கியவர்களும் நம்மவரிலே இருந்தனர். பண்டிதர் மூக்கைச் சுளித்த அதே இடத்தில் நாமும் சுளித்தோம்.

உபாலியின் தமிழை ஆசிரியன் என்ற முறையில் சற்று நோக்குகிறேன். சிங்களப் பேச்சு வழக்கில் நான், நீ, அவன், அவள் யாவருக்கும் வினை ஒரே வடிவத்தில் நிற்கும். தமிழில் வினைமுற்று எழுவாய்க்கேற்ப மாறும். ஆகவே சிங்களவர் தமிழ் பேசும்போது 'நான் வந்தது', 'அவள் போறது' என்று வருவது அறியாமையல்ல; தம் தாய்மொழியின் இலக்கணத்துக்கு அவர்கள் காட்டும் விசுவாசம். செல்வசேகரன் போன்ற கலைஞர் இதைக் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறார். இந்தக் கரையிலே வாழ்வோருக்கு அது வேடிக்கை மாத்திரமன்று. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலையின் பயிற்றுமொழி சிங்களமானதும் இரண்டு மூன்று தலைமுறையிற் சிங்களம் பேசுவோராயின. பாட்டியின் தமிழும் பேரனின் சிங்களமும் ஒரே திண்ணையில் இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. உபாலி எங்களுக்கு அயலான் அல்லன். சில வீடுகளில் அவன் அண்ணன் மகன்.

இத்தனையும் சொன்ன பிறகு படத்தின் குறையையும் சொல்லியாகவேண்டும். நான்கு நாவுகளை ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்த அப்படைப்பு, அக்கூரை யாருடையது என்று கேட்கவில்லை. 1976 என்ன ஆண்டு? அவ்வாண்டு மே மாதத்திலேதான் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தது. 1983 ஜூலையில் நடந்தது உலகறியும். தமிழும் சிங்களமும் தோளிற் கைபோட்டுச் சிரித்த படத்துக்கும் அவ்வன்முறைக்கும் இடையில் ஓராண்டுதான். சிரிப்பு அதைத் தடுத்திருக்கவேண்டும் என்று கோமாளிகள்மேற் பழி சுமத்துவது அநியாயம். கட்சிகளும் தொழிற்சங்கங்களும் தடுக்க முடியாததைக் கோமாளியிடம் கேட்கலாமா? எனினும், உச்சரிப்பிலே மட்டும் வேறுபட்டு வாழ்விலே ஒன்றுபட்டவர்கள் என்று நால்வரைக் காட்டுவது அரை உண்மை. உபாலிக்கு அரசாங்க மொழி தெரியும்; அப்புக்குட்டிக்குத் தெரியாது. அந்த ஒரு வேறுபாட்டைச் சிரிப்பாக்கத் துணிந்திருந்தால் படம் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். அவ்வளவு சிரிப்புக்கு அன்று அனுமதி கிடைத்திருக்குமோ என்பது வேறு விடயம்.

என் மாணவர்கள் இன்று விரும்பிப் பார்ப்பவை தமிழ்நாட்டு நண்பர் கூட்டப் படங்கள். 2007இல் வெளிவந்த 'சென்னை 600028' முதலானவை. தெருவிலே துடுப்பாட்டம் ஆடும் பொடியன்கள், வேலை தேடாத வேலை, முடிவில்லாத கிண்டல். அவற்றைக் குற்றம் சொல்லமாட்டேன். பிரத்தியேக வகுப்புக்கும் பரீட்சைக்கும் இடையே நசுங்கும் பிள்ளை, நேரம் நிறைய உள்ள நண்பர்களைத் திரையிலாவது பார்க்கட்டும்.

சென்ற ஆண்டு தமிழ்மொழித் தினத்துக்காக நான்கு குரல்களில் ஒரு சிறு நாடகம் போட எண்ணினேன். உபாலியின் பாத்திரத்துக்கு யாரென்று நான் யோசிக்கவேயில்லை. தாய் சிங்களம், தந்தை தமிழ் என்ற வீட்டுப் பிள்ளை ஒருவன் பத்தாம் வகுப்பில் இருந்தான். அவன் வாயில் இயல்பாகவே 'நான் வந்தது' என்று வரும். அவனை அழைத்துச் சொன்னேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மூன்று நாள் ஒத்திகைக்கு வரவில்லை. தவறு என்னுடையது என்பது எனக்கு விளங்க அந்த மூன்று நாட்கள் பிடித்தன. சமி டேவிஸைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான், ஒரு பிள்ளையை அவன் நிறமாகவே நிற்கச் சொல்லியிருந்தேன்.

நான்காம் நாள் அவனாகவே வந்தான். "சேர், எனக்கு அப்புக்குட்டி தாங்க" என்றான். கொடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆசிரியை ஒருவரிடம் உட்கார்ந்து 'ஓமோம்', 'என்ன சொல்லுறியள்' எல்லாம் பாடமாக்கினான். உபாலியாக நடித்தவன் உடப்புப் பையன். அவனுக்கு அந்தத் தமிழ் வாயில் வரவில்லை. வினைமுற்றுத் தானாகவே திருந்திக்கொண்டது. அதை எப்படிப் பிழையாகச் சொல்வதென்று ஒத்திகை தோறும் அவனுக்குப் பொறுமையோடு கற்றுக்கொடுத்தவன் முன்னவனே.