வியாழன் வென்றது, வெள்ளி கைதட்டல் வாங்கியது

அரிதா ஃபிராங்க்ளினின் 'அமேசிங் கிரேஸ்' இரட்டை இசைத்தட்டைப் போட்டால் முதலில் வருவது 'மேரி டோன்ட் யூ வீப்'. அது 1972 ஜனவரி 14, வெள்ளிக்கிழமை பாடியது. ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாடலோ அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை பாடியது. இரண்டு நாள் ஆட்டத்தின் ஸ்கோர்கார்டைக் கலைத்து, இரண்டாம் நாளை மேலே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் இந்த ஆராதனைப் பதிவை அப்படித்தான் கேட்டு வருகிறது. தயாரிப்பாளர்கள் மேல் குற்றமில்லை. தட்டு விற்க வேண்டும், விற்கும் தட்டுக்கு ஒரு வரிசை வேண்டும். ஆனால் அலசுகிறவனுக்கு எந்த ஓவர் எப்போது வீசப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும். நடந்த வரிசையில் கேட்டால் என் தீர்ப்பு வேறு: ஆட்டத்தை வென்றது வியாழன். வெள்ளிக்கிழமை நடந்தது வெற்றி விழா.

முதலில் களம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதி, நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயம். 1965 கலவரத்தில் பற்றி எரிந்த அதே வட்டாரம். கட்டடம் முன்பு சினிமா கொட்டகை. அதை வாங்கிச் சபை நடத்தினார்கள். பிரசங்க பீடத்துக்குப் பின்னால் சுவரில் இயேசுவின் பெரிய ஓவியம். இரண்டு நாளுக்கு மட்டும் அந்த இடம் ஒலிப்பதிவுக் கூடமாக மாறியது. வயர்கள், மைக்குகள், விளக்குகள், போதாக்குறைக்குப் படப்பிடிப்புக் குழு வேறு.

ஸ்டுடியோவில் பாடியிருக்கலாமே என்று கேட்கலாம். பாடியிருந்தால் இந்த ஆல்பமே இல்லை. கறுப்பின மக்களின் நற்செய்திப் பாட்டில் பாதியைப் பாடுகிறவர் பாடுவார், மீதியைச் சபையார் பாடுவார்கள். ஒரு வரி போட்டால் ஒரு 'ஆமென்' திரும்ப வரும். அந்த ஆமெனின் உயரத்தைப் பார்த்துத்தான் அடுத்த வரியை எவ்வளவு தூரம் இழுப்பது என்று பாடகர் முடிவு செய்வார். கண்ணாடித் தடுப்புக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கிற பாடகருக்கு அந்தத் தகவல் வராது. இதற்கு விலையும் உண்டு. திறந்த கூடத்தில் ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் கசியும், டிரம்ஸ் எல்லா மைக்கிலும் கசியும். பிறகு ஒரு வரியை மட்டும் தனியே பிடுங்கித் திருத்துவது கடினம். அதாவது, பிழைத்தால் பெரும்பாலும் பிழைத்ததுதான். இன்று பல சபைகளின் நேரடிப் பதிவுகளில் இசைக்குழுவின் காதுக்குள் கிளிக் ஓடுகிறது. வேகம் முதலிலிருந்து கடைசி வரை கணினி சொன்னபடி. பதிவு சுத்தமாக இருக்கும். சபையார் இழுத்தாலும் பாட்டு நகராது என்பதுதான் அதில் எனக்குள்ள குறை.

இனி அணி. அரிதாவுக்கு அப்போது வயது 29. அட்லாண்டிக் நிறுவனத்தின் ராணி, சோல் இசையின் உச்ச நட்சத்திரம். டெட்ராய்ட்டில் தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் போதகராக இருந்த நியூ பெத்தேல் சபையில் பாடி வளர்ந்தவர். பதினான்கு வயதில், 1956-இல் அங்கே பாடியதும் தட்டாக வந்தது. பிறகு பாப் உலகத்துக்குப் போனார். தேவாலயத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்ற முணுமுணுப்பு சபைகளில் இருந்தது. சுமக்க வேண்டிய அழுத்தம் அது.

அணித் தலைவர் அரிதா அல்ல, ரெவரெண்ட் ஜேம்ஸ் கிளீவ்லண்ட். பியானோ அவர், அறிவிப்பு அவர், நகைச்சுவை அவர், கூட்டத்தை நடத்துபவரும் அவர். ஃபிராங்க்ளின் குடும்பத்துக்கு டெட்ராய்ட் காலத்திலிருந்தே பழக்கம். அரிதா சிறுமியாக இருந்தபோதே அவரிடம் கற்றவர். கிளீவ்லண்டோ 1963-இல் நியூவார்க்கில் சபையார் நடுவே 'பீஸ் பி ஸ்டில்' ஆல்பத்தைப் பதிவு செய்தவர், ஆகவே இந்த ஆடுகளத்தின் குணம் அவருக்கு அத்துபடி. அவர் நிறுவிய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர் பின்னால் நிற்கிறது. அதை இயக்குபவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன்.

தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் செய்த தேர்வுதான் துணிச்சலானது. தாளக்காரர்களைத் தேவாலயத்திலிருந்து எடுக்கவில்லை. கிட்டார் கார்னெல் டுப்ரீ, பாஸ் சக் ரெய்னி, டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி, கூடவே காங்காவுக்குப் பாஞ்சோ மொராலஸ். டுப்ரீ, ரெய்னி, பர்டி மூவரும் அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ராக் ஸ்டெடி' பாட்டில் ஆடவைத்தவர்கள். நடன அரங்கின் தாளத்தை ஆராதனைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று: பாட்டு கெடும், அல்லது தாளக்காரர்கள் அடங்குவார்கள். அடங்கினார்கள். தூரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பர்டிதான் என் கண்ணுக்கு இந்த ஆல்பத்தின் சத்தமில்லாத சாதனையாளர். அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று டெஸ்ட் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை கூடம் நிரம்பவில்லை. படத்தில் பார்த்தால் காலி இருக்கைகள் தெரிகின்றன. இது ஆராதனை, அதற்கேற்ற மரியாதையோடு இருங்கள், ஆனால் வாயைத் திறக்கத் தயங்காதீர்கள் என்று கிளீவ்லண்ட் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். வெள்ளை உடையில் அரிதா வருகிறார். பேச்சு இல்லை, சிரிப்புகூட அளவோடுதான். நேரே பியானோவில் உட்கார்ந்து 'வோலி ஹோலி'. மார்வின் கேயின் 1971 ஆல்பத்திலிருந்து எடுத்தது. முதல் பாட்டே கீர்த்தனைப் புத்தகத்தில் இல்லாத பாட்டு! தேவாலயத்துக்குத் திரும்பி வந்தவள் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு முதல் பந்திலேயே பதில் போய்விட்டது: வெளியே இருந்ததையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

அடுத்து 'யூ வில் நெவர் வாக் அலோன்'. கால்பந்து ரசிகர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். 1945-இல் 'காரசல்' என்ற மேடை நாடகத்துக்காக ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் உருவாக்கிய பாட்டு. 1963-இல் ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் பாடியபின் லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்டு மைதானம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆன்ஃபீல்டில் எல்லோரும் ஒரே அடியில், ஒரே நேர்கோட்டில் பாடுவார்கள். அங்கே அதுதான் அழகு. அரிதா செய்வது நேர் எதிர். ஒவ்வொரு வரியையும் பாதியில் உடைக்கிறார், நிறுத்துகிறார், வளைக்கிறார். யாரும் கூடச் சேர்ந்து பாட முடியாது. பதில் மட்டும்தான் சொல்ல முடியும். மைதானத்துக் கூட்டமும் சபைக் கூட்டமும் எங்கே பிரிகின்றன என்பதற்கு இந்த ஒரு பாட்டின் இரண்டு பதிவுகளே போதும்.

'பிரஷஸ் லார்ட்' பாட்டை 'யூ ஹேவ் காட் எ ஃபிரண்ட்' பாட்டோடு பின்னியதும் வியாழன்தான். முன்னது தாமஸ் டார்சி 1932-இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்தபின் எழுதியது. பின்னது கேரல் கிங் 1971-இல் வெளியிட்டது. துக்கத்தில் பிறந்த ஞானப்பாட்டையும் வானொலியில் ஓடிக்கொண்டிருந்த நட்புப் பாட்டையும் கோர்த்தால் ஒட்டுப் போட்டது போல் தெரிய வேண்டும். தெரியவில்லை. கொயர் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, அரிதா இன்னொன்றை அதன்மேல் விரிக்கிறார். எது எங்கே முடிந்தது என்று பிரிக்க முடிவதில்லை.

பிறகு 'அமேசிங் கிரேஸ்'. ஏறக்குறைய பதினொரு நிமிடம். பல்லாயிரம் பேர் பாடியதுதான்; எல்லோருக்கும் மனப்பாடமான மெட்டு. அதனாலேயே ஆபத்து. அரிதா முதலில் செய்தது தாளத்தைக் கழற்றியது. நம் மேடைகளில் விருத்தம் பாடுவார்களே, தாளக்கட்டு இல்லாமல், சொல்லைச் சொல்லாகப் பிரித்து, ஒரு அசையில் நின்று சுற்றி வருவார்களே, அந்த முறை. ஓர் எழுத்துக்கு ஆறு ஏழு சுரம் போகிறது. ஆனால் அலங்காரத்துக்காகப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிடச் சற்று மேலே ஏறி நிற்கிறது, அங்கே மூச்சு விடுகிறார், கூட்டம் நிரப்புகிறது, அந்தச் சத்தத்தின் மேல் கால் வைத்து அடுத்த படி. சத்தம் குறைந்தால் அவரும் இறங்கி வந்து முணுமுணுக்கிறார். பாதி காலி இருக்கைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ததுதான் எனக்கு வியப்பு. கைக்கு எட்டிய ஆதரவு சிறியது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரே வளர்க்கிறார்.

கொயர் எழுந்து நிற்கிறது. சிலர் வாய்விட்டு அழுகிறார்கள். அணித் தலைவர் கிளீவ்லண்ட் பியானோவை விட்டு எழுந்துபோய் உட்கார்ந்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அழுகிறார். நடத்துபவர் களத்தைவிட்டுப் போனபின்னும் பாட்டு தடுமாறவில்லை. அரிதா கண்ணை மூடியபடி தொடர்கிறார். முடித்ததும் போய் உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான். இதற்குப் பிறகு ஆட்டத்தில் கேள்விக்குறி எதுவும் மீதமில்லை.

வெள்ளிக்கிழமை செய்தி பரவியிருந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் சார்லி வாட்ஸும் பின்வரிசையில் வந்து நின்றார்கள். தங்கள் அடுத்த ஆல்பத்தை முடிக்க அந்த ஊரில் இருந்தார்கள். முன்வரிசையில் கிளாரா வார்டு, அரிதா சிறுமியாக இருந்தபோதே அண்ணாந்து பார்த்த பாடகி. (ஓராண்டு கழித்து, 1973 ஜனவரியில், அவர் காலமானார்.) தந்தை ஃபிராங்க்ளினும் வந்திருந்தார். இப்படி ஒரு பார்வையாளர் வரிசை எந்த ஆட்டக்காரரையும் கொஞ்சம் கூடுதலாக ஆடவைக்கும்.

'ஓல்ட் லேண்ட்மார்க்' பாட்டில் பர்டிக்கு ஒருவழியாக விடுதலை. அடக்கி வைத்திருந்த மூவரும் பாய்கிறார்கள். கொயர் சளைக்காமல் கூடவே ஓடுகிறது. பரபரப்பு என்றால் ஆல்பத்திலேயே இதுதான். ஆனாலும் வெள்ளியின் சிறந்த ஆட்டம் மெதுவானது: 'மேரி டோன்ட் யூ வீப்'. மரியாள், மார்த்தாள், செத்துப்போன லாசரு கதை. அரிதா அதில் பாதியைப் பேச்சாகவே சொல்கிறார். லாசருவை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி எடை. அடியில் கொயர் விடாமல் மெல்ல அலைந்துகொண்டிருக்கிறது. பிரசங்கியின் மகள் என்பது இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. இதை ஆல்பத்தின் முதலில் வைத்தவர்களின் ரசனையை நான் மறுக்கவே மாட்டேன்.

சறுக்கல் வேறு இடத்தில். தந்தை எழுந்து பேசுகிறார். மகள் சபைக்குத் திரும்பிவந்தாளா என்று கேட்கிறவர்களுக்கு, அவள் சபையை விட்டுப் போனதே இல்லை என்று சொல்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. சொன்னது உண்மைதான். ஆனால் அதை முந்தின நாளே மகள் பாடிக் காட்டிவிட்டாள். மறுநாள் அறிக்கை எதற்கு? 'நெவர் குரோ ஓல்ட்' பாட்டை அரிதா பியானோவில் அமர்ந்து பாடுகையில் அதே தந்தை மேடைக்கு வந்து அவர் முகத்து வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றுகிறார். பாசம்தான் என்று ஒரு சாரார், அதிகாரம் என்று இன்னொரு சாரார். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த நொடியில் நம் கண் பாட்டைவிட்டு அவர் மேல் போகிறது என்பது மட்டும். அரிதாவோ அசையவில்லை. அந்தப் பாட்டு பதினான்கு வயதில் அவர் பதிவு செய்தது. இப்போது கேட்டால், சிறுமியின் குரலில் இருந்த அவசரம் போய்விட்டது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

தட்டு 1972 ஜூனில் வந்தது. அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அரிதாவின் வாழ்நாளிலேயே அதிகம் விற்ற ஆல்பம், கிராமி விருதும் வாங்கியது. படத்தின் கதைதான் பரிதாபம். இயக்குநர் சிட்னி போலக், ஹாலிவுட்டில் பெயர் வாங்கியவர். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் அடிக்க வேண்டிய கிளாப் பலகையை அடிக்கவில்லை. பல கேமராக்கள், மணிக்கணக்கில் படச்சுருள், எந்த உதட்டசைவுக்கு எந்த ஒலி என்று சேர்க்க வழியில்லை. படம் பெட்டிக்குள் போனது. பிற்காலத்தில் ஆலன் எலியட் அதை வாங்கிக் கணினியின் துணையோடு சேர்த்து முடித்தபோது, வெளியிடக் கூடாது என்று அரிதாவே நீதிமன்றம் போனார். அவர் 2018 ஆகஸ்டில் மறைந்தபின், அதே ஆண்டு நவம்பரில்தான் நியூயார்க்கில் திரையிட்டார்கள். பள்ளிப் பையன்கூட மறக்காத பலகைக்கு நாற்பத்தாறு ஆண்டு தண்டனை.

ஆனால் படம் ஒரு நன்மை செய்தது. வியாழனை வியாழனாகவும் வெள்ளியை வெள்ளியாகவும் காட்டியது. படம் கிடைக்காதவர்களுக்கு 1999-இல் வந்த முழுப் பதிவு இருக்கிறது; இரண்டு நாளும் நடந்த வரிசையில். 'வோலி ஹோலி' இரண்டு நாளும் பாடியதுதான், ஆகவே அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம். கேட்கும்போது அரிதாவை விட்டுவிட்டுச் சபையாரைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வரி தொடங்கும் முன்பே கத்தத் தயாராக வந்திருக்கிறது. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு என்ன வரப்போகிறது என்றே தெரியாது. அவர்களை ஒவ்வொருவராக எழுப்ப வேண்டியிருந்தது. இரண்டில் எது கடினமான விக்கெட் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.