ஓதக்குட்டைக்கு ஒருநாள் பயணம்

கடல்நீர் இறங்கும்போது பாறைப் பள்ளங்களிலும் பவளத்திட்டின் குழிகளிலும் சிக்கி நிற்கும் நீரே ஓதக்குட்டை எனப்படுகிறது. உள்நாட்டுத் தமிழருக்கு ஓதம் என்றால் மழைக்காலத்தில் சுவரேறும் ஈரமே நினைவுக்கு வரும். கடல்மட்டம் நிலவாலும் கதிரவனாலும் ஈர்க்கப்பட்டு ஏறி இறங்குவதற்கும் அதுவே பெயர். இத்தகைய குட்டைகளுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் வழக்கம் இந்தியாவில் நன்கு வேரூன்றிய இடங்களுள் ஒன்று, குஜராத்தில் கட்ச் வளைகுடாவின் தென்கரையில் உள்ள நராரா. 1982இல் அறிவிக்கப்பட்ட, நாட்டின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த இப்பகுதியில் ஓத வீச்சு, அதாவது உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் இடையிலான உயர வேறுபாடு, பல மீட்டர் என்பதால், நீர் வற்றியபின் படகின்றியே பவளத்திட்டில் நடந்து செல்ல முடிகிறது.

வகுப்பறை விலங்கியல் உயிரினங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, பார்மலின் குப்பியில் நிறம் வெளுத்த மாதிரிகளாகக் காட்டுகிறது. குட்டையிலோ கடற்பஞ்சும் கடற்சாமந்தியும் நண்டும் நத்தையும் நட்சத்திர மீனும் சில முழ அகலத்துக்குள் அண்டை வீட்டாராக வாழ்வதால், எது எதைத் தின்கிறது, எது எதன் ஓட்டுக்குள் குடியேறியிருக்கிறது என்பதை மாணவர் நேரிலேயே காண்கின்றனர். பாறையின் மேல்விளிம்பில் கொட்டலசுகள் ஓட்டுக்கதவை இறுக மூடி வெயிலைத் தாங்குவதையும், மெல்லுடல் கொண்ட கடற்சாமந்தி கீழே ஈரத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதையும் ஒருசேரப் பார்த்தவருக்குத் தகவமைப்பு என்பது வெறும் தேர்வுச்சொல்லாக இராது.

ஆயினும் பார்ப்பது விரைவில் எடுப்பதாக மாறிவிடுகிறது. நீரிலிருந்து தூக்கப்படும் பேத்தை மீன் பந்தாக உப்பும்போது எழும் கைதட்டல், மீன் அச்சத்தால் உப்புகிறது என்பதையும், காற்றை விழுங்கிவிட்டால் அதை வெளியேற்ற முடியாமல் திணறக்கூடும் என்பதையும் மறைத்துவிடுகிறது. இதைவிடக் கண்ணில் படாத கேடு, புரட்டிய கல்லை அப்படியே விட்டுச் செல்வது: அடிப்பக்கத்து நிழலில் ஒட்டியிருந்த முட்டைகளும் கடற்பஞ்சுகளும் வெயிலில் உலர, மேற்பக்கத்துப் பாசி இருளில் அழுகுகிறது. தொடுவதையே தடைசெய்வது மிகையாகத் தோன்றுகிறது. ஆபத்தற்றது என வழிகாட்டி உறுதிசெய்த கடற்சாமந்தியின் கையை நனைந்த விரல்நுனியால் தொட்டு, அது பசைபோலப் பற்றுவதை உணர்வதும், அப்பற்றுதல் நுண்ணிய கொட்டும் செல்களின் வேலை என்று அறிவதும் எந்தப் படத்தாலும் ஈடுசெய்ய முடியாத கல்வி. தூக்குவதற்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை.

இருப்பினும் இவ்வழக்கத்தின் அடிப்படைக் குறை கைகளைவிட நாட்காட்டியிலேயே இருக்கிறது. தாழ்நீர் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே கடல் வெகுதூரம் உள்வாங்குகிறது. பள்ளியோ விடுமுறையையும் பேருந்து கிடைக்கும் நாளையும் பார்த்துத் தேதி குறிப்பதால், சில வேளைகளில் கணுக்கால் நீரைக் கண்டே திரும்ப நேர்கிறது. சரியான நாளில் சென்றாலும் ஒரே வருகை உயிரினங்களின் பட்டியலைத் தருமேயன்றி அவற்றின் வரலாற்றைத் தராது. அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் பெயின் 1963 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில், ஒரே பாறைப்பகுதிக்குத் திரும்பத் திரும்பச் சென்று நட்சத்திர மீன்களை அகற்றிவந்தார். இரையாகாமல் தப்பிய சிப்பிகள் இடத்தை அடைத்துக்கொள்ள, அங்கு அவர் கணக்கிட்ட 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கின. ஓர் இனம் நீங்கினால் சமூகமே குலையும் என்றால் அவ்வினம் ஆதார இனம் எனப்படும். அக்கருத்து இப்பாறைகளிலிருந்தே பிறந்தது. முதல் நாளில் மட்டும் வந்து போனவருக்கு அங்கு சிப்பியும் நட்சத்திர மீனும் கலந்த ஒரு பாறையே தெரிந்திருக்கும்.

தொலைவிலிருந்து வரும் பள்ளிகளிடம் பல வருகைகளை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் திட்டு முழுவதையும் சுற்றாமல், ஒரே குட்டையைச் சுற்றி அமர்ந்து, நீர் திரும்பும்வரை கவனித்துக் குறித்தால் அதுவே பெரிது. மன்னார் வளைகுடாக் கரையில் ஓத வீச்சு பெரும்பாலும் ஒரு மீட்டரை எட்டாததால் நராராவின் அகன்ற காட்சி அங்கு கிட்டாது. ஆனால் அங்குள்ள மண்டபம் என்னும் ஊரை ஒட்டிய கரைகளில், பாறைப் பள்ளங்களுக்கு நடந்தே போகும் தொலைவில் பள்ளிகள் உள்ளன. ஒரே குட்டையை மாதந்தோறும் பார்க்கும் வாய்ப்பு வாய்த்த அம்மாணவருக்கோ, சுற்றுலா என்றால் கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறுவதுதான்.